மவாசுனா

செம்மொழி பலகையில் இரண்டு சொற்களை எழுதினான். மவாசுனா. மவாஷினா. திருவாரூரில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் அவன் நடத்திய ஜப்பானிய மொழி வகுப்பு அது. ஒன்பது பேர், எல்லோரும் அந்த நாட்டு வேலைக்காகக் காத்திருப்பவர்கள். முதலாவது 'இயந்திரத்தை ஓட்டாதே', இரண்டாவது 'ஓட்டு' என்றான். புத்தகத்தில் இருக்கும் மரியாதைப் பேச்சை அங்கே மேஸ்திரிகள் பேசமாட்டார்கள், வாக்கியம் எப்படி முடிகிறது என்பதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்றான். இது பரீட்சைக்கு வருமா என்று முன்பெஞ்சு வானதி கேட்டாள்.

அப்போதுதான் ராஜராஜன் படியேறி வந்தான். இருவருக்கும் ஒரே ஊர். ஒன்றாக ஜப்பான் போய், தகடு உருட்டும் தொழிற்சாலையில் ஒரே இயந்திரத்தில் நின்றவர்கள். எட்டு மாதங்களுக்கு முன், சிக்கிய தகட்டை ராஜராஜன் உருளைகளுக்கிடையே கையை விட்டு எடுத்துக்கொண்டிருந்தான். மேஸ்திரி 'மவாசுனா' என்று கத்தினார். இயந்திரத்தின் மறுபக்கம் நின்ற செம்மொழி ஓட்டும் விசையை அழுத்தினான். ராஜராஜனின் வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது. சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று விசாரணையில் செம்மொழி சொன்னான். ஆனால் விபத்துக்கு முந்தின நாள்தான், யார் சமைப்பது என்ற தகராறில், இருவரும் சட்டை கிழிய அடித்துக்கொண்டார்கள்.

ராஜராஜன் பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு இடது கையால் செம்மொழியின் தலைமயிரைப் பிடித்து முகத்தைப் பலகையில் மோதினான்.

"அன்னைக்கு இதுல எதுடா ஒனக்குக் கேட்டுச்சு?"

கேட்கவில்லை என்று செம்மொழி பழைய பதிலையே சொன்னான். ராஜராஜன் மறுபடியும் மோதினான். மூக்கு உடைந்த சத்தம் கடைசி பெஞ்சுவரை கேட்டது. விலக்க வந்த வானதியை ராஜராஜன் தள்ளிவிட்டதில் அவள் பெஞ்சோடு சரிந்தாள். மற்றவர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள்.

"மவாசுனான்னுதான் கேட்டுச்சுண்ணே. அர்த்தந்தான் தெரியலை. ஓட்டச் சொல்றாருன்னு நெனச்சேன்."

"தெரியலைன்னு அப்பவே சொல்றதுக்கென்னடா?"

செம்மொழி வாயில் இறங்கிய ரத்தத்தை விழுங்கினான். "அசிங்கமா இருந்துச்சுண்ணே. நம்ம பேட்ச்ல நான்தான மொத மார்க்."

ராஜராஜன் அவன் வயிற்றில் உதைத்தான். மடங்கி விழுந்தவனை இன்னொரு முறை உதைத்தான். அதில் முன்பிருந்த வேகம் இல்லை. பிறகு மூச்சிரைக்கப் பெஞ்சில் உட்கார்ந்தான்.

"வேணும்னே பண்ணுனன்னு நெனச்சிட்டிருந்தேன்டா" என்றான். அப்படி நினைத்தபோது இதைவிடச் சுலபமாக இருந்தது என்பதுபோல அவன் முகம் கோணியது.

வானதி எழுந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து வந்தாள். செம்மொழி தவழ்ந்து ஜன்னலைப் பிடித்து எழுந்து, வாய் கொப்பளித்து வெளியே துப்பினான். கீழே நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர் நெரிசலில் நின்றிருந்தது. சிவந்த தண்ணீர் ஒரு சாக்கின்மேல் விழுந்து பரவியது. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ராஜராஜன் அவன் பக்கத்தில் வந்து நின்று, வலது கையை ஜன்னல் கம்பிமேல் வைத்தான். டிராக்டர் நகர்ந்தது.