காதியின் கதிரை

"தீர்ப்புச் சொல்லக் கூப்பிட்டால் சொல்லிப்போட்டுப் போங்கோ, பெரியப்பா! எங்கட வீட்டிலை முடிசூட வேண்டாம்!"

பக்கத்து வீட்டுக் கோசிகாவின் குரல். மனோர் பார்க்கில் அவர்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். நான் டி.வி.யின் சத்தத்தைக் குறைத்தேன். அயலவர் துயரத்தில் பங்கெடுக்காவிட்டால் நான் என்ன மனுசி?

வழக்கு இதுதான். கோசிகா ஒரு காதியை ஆராய்ச்சி செய்கிறாள். கதர்த்துணி அல்ல, முஸ்லிம் நீதிபதி. புர்ஹானுத்தீன் என்று பெயர். பதினான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் வழக்குத் தீர்த்துக்கொண்டிருந்தவர், மந்திரியாகி, கடைசியில் சீவாஸ் நகரில் தானே சுல்தானாக உட்கார்ந்துவிட்டாராம். அந்த ஊரில் ஒரு வருடம் தங்கிப் படிக்க இவளுக்கு இடம் கிடைத்தது. தகப்பன் குகநாதன் கூடாது என்றார். தாய் கலாவதி போகட்டும் என்றாள். நியாயம் சொல்லக் கிங்ஸ்பரியிலிருந்து குகநாதனின் தமையன் குருமூர்த்தி வந்தார்.

ஒரு பின்னேரத்துக்கென்று வந்தவர் இடுப்பில் கட்டும் சாரம், மாதம் திரும்பியும் கொடியில் காய்ந்தது. சமைக்க நின்றால் என் குசினி யன்னலுக்கு அது நேரே தெரியும், நான் என்ன செய்ய? ரிமோட் அவர் கையில். ஹீற்றர் அவர் சொன்னால்தான் எரியும். இப்போது சுஜீத் என்றொரு மாப்பிள்ளையையும் பேசி, ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வரச் சொல்லிவிட்டார்.

"செத்து அறுநூறு வருசமான மனுசனுக்காக, உயிரோட இருக்கிற மாப்பிள்ளையை வேண்டாமெண்டுறியோ?" இது குருமூர்த்தி.

"ஓம். அவர் என்னட்டைத் தேத்தண்ணி கேக்கிறேல்லை."

"வாயைப் பார், வாயை!"

"அவரும் உங்களைப் போலத்தான் பெரியப்பா. வழக்குக் கேக்க இருந்தவர், ராசாவாகிட்டார்."

"பாத்தியே கலாவதி, பிள்ளை என்னை ராசாவெண்டுறாள்!" பெரியவருக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது.

"முடிவையும் கேளுங்கோ. சண்டையிலை பிடிபட்டார். உயிரோட விடேல்லை."

சுவருக்கு அப்பால் ஒரு கதிரை நகர்ந்தது. பிறகு, ஒரு மாதமாய் வாய் திறவாத குகநாதனின் குரல்:

"அண்ணை, அந்த ரிமோட்டைத் தாங்கோ."

"என்ன?"

"தாங்கோ. இது என்ர வீடு. பிள்ளை போகட்டும். ஞாயிற்றுக்கிழமை ஒருத்தரும் வரத் தேவையில்லை."

அன்றிரவு ஹீற்றர் எரிந்தது. சுவரில் கை வைத்துப் பார்த்தேன், இதமாக இருந்தது.

கோசிகா சீவாஸுக்குப் போய்விட்டாள். சுஜீத் காத்திருக்கவில்லை, மாதங்கி என்ற டாக்டரைக் கட்டிவிட்டார். குருமூர்த்தி கிங்ஸ்பரிக்குத் திரும்பவில்லை. நோர்பரியில் ஒன்றுவிட்ட தங்கை அருமைநாயகி வீட்டு வேலித் தகராறைத் தீர்க்க ஒரு பின்னேரத்துக்கென்று போனார். சாரம் இப்போது அங்கே காய்கிறதாம்.