ஆறாம் முள்ளெலும்பின் ஆப்பு

"ஏழாவதை என்கிட்ட குடு, நான் சுத்தம் பண்றேன்" என்று அத்தான் வந்து நின்றபோதே அவளுக்கு உறுத்தியது.

அருங்காட்சியகத்தின் பின்னறையில், புதைபடிவ எலும்புகளில் ஒட்டிய கல்லைச் சுரண்டி எடுப்பது அவள் வேலை. உடைந்ததை ஒட்டுவது அவளுடைய அக்கா கணவரின் வேலை. இத்தனை வருடத்தில் அவர் சுரண்டும் ஊசியைக் கையால் தொட்டதில்லை.

"எதுக்கு அத்தான்? உங்களுக்குத்தான் அந்தத் தூசியே ஆகாதே."

"சும்மா, உதவிதான்."

உதவியாம்! அவள் தட்டை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

என்றோ அழிந்துபோன ஒரு பெரிய ஊர்வன விலங்கின் முதுகெலும்பு அது. வழக்கமான மூட்டுகள் போதாதென்று, ஒவ்வொரு முள்ளெலும்பின் பின்புறமும் ஆப்பு மாதிரி ஒரு துருத்தல். அது போய் உட்கார அடுத்ததன் முன்புறம் ஒரு பள்ளம். பாரமான உடம்பு முறுக்கிக்கொள்ளாமலிருக்க உபரியாக ஒரு பூட்டு. கிடைத்த பதினொன்றில் ஆறாவதில் மட்டுமே ஆப்பு முழுசாக இருந்தது. இந்த வகை விலங்குகளுக்கு அது கீழே அகன்றிருக்கும். இதற்கோ மேலே அகலம். அதை வைத்தே, இது புது இனம் என்று ஆய்வாளர் அம்மா கட்டுரை எழுதி முடித்திருந்தார்.

ஏழாவதன் பள்ளத்திலிருந்து கல் மெல்ல உதிர்ந்தது. மூன்றாம் நாள் பள்ளத்தின் வடிவம் தெரிந்தது. கீழேதான் அகலம்.

ஆறாவதைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தாள். உட்காரவே இல்லை.

அன்று மாலை அக்கா போனில், "உங்க அத்தான் சரியாவே சாப்பிடறதில்லைடி. ஆபீஸ்ல ஏதாவது பிரச்சனையா?" என்றாள்.

"தெரியலக்கா." தெரியாமல் என்ன! ஆப்பையே சாந்தில் செய்து வைத்துவிட்டாரோ? ஆய்வாளர் அம்மாவைக் குளிரவைக்கவா, வேறு யாராவது செய்யச் சொன்னார்களா?

மறுநாள் எல்லோரும் சாப்பிடப் போனதும் திரையை இழுத்துவிட்டு, புற ஊதா விளக்கைப் பிடித்தாள். ஆப்பு அசல் எலும்புதான். ஆனால் அதன் அடியைச் சுற்றி, மயிரிழை போல ஒட்டுப்பசை வெளிர்நீலமாக மின்னியது.

"அணைச்சுடும்மா." கதவருகே அத்தான். "கை தவறி விழுந்துடுச்சு. அவசரத்துல ஒட்டினேன். தலைகீழா ஒட்டிட்டேன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அதுக்குள்ள அவங்க புது இனம்னு குதிக்க ஆரம்பிச்சுட்டாங்க. எப்படி வாயத் திறக்கறது?"

"நான் உங்கள என்னென்னவோ நினைச்சுட்டேன்."

"நினைச்சதுல தப்பில்ல."

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா?"

அவரே போய்ச் சொன்னார். ஆய்வாளர் அம்மா கத்தவில்லை. அசிட்டோனில் நனைத்த பஞ்சை ஒட்டில் வைத்துக் காத்திருந்தார். இளகியதும் ஆப்பைத் திருப்பி வைத்து, ஏழாவதோடு சேர்த்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. இரண்டு வருட உழைப்பு. ஏற்கெனவே பெயருள்ள விலங்கு.

பிறகு அவள் பக்கம் திரும்பினார். "அவர் உன் அக்கா வீட்டுக்காரர்தானே? உனக்கு எப்ப தெரியும்?"

"இப்பதாம்மா."

"இப்பதானா?"

அத்தானைக் காட்சிப் பலகைகள் செய்யும் பிரிவுக்கு மாற்றினார்கள். அவள் சுத்தம் செய்த எலும்புகளை மட்டும் ஆய்வாளர் அம்மா ஒவ்வொன்றாகத் தன் அறைக்கு எடுத்துப்போய், கதவைச் சாத்திக்கொண்டு மறுபடி சோதித்துப் பார்க்கலானார்.