அரக்கும் சிவப்பும்

கடையின் பின்னறையில் உட்கார்ந்து பம்புசெட் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றுபவள் அவள்; முன்மேஜையில் உட்கார்ந்து பாராட்டு வாங்குபவன் அவள் கணவன். கல்யாணமானதிலிருந்து இதுதான் ஏற்பாடு. "பொண்ணு சுத்தினதுன்னு தெரிஞ்சா எவன் கொண்டு வருவான்?" என்பது மாமியாரின் பயம். அவளுக்கோ அந்த முன்மேஜை மேல்தான் கண்.

கணவனுக்கும் மனசு உறுத்தியது. அன்று காலை மோட்டாரை எடுக்க வந்த தோட்டத்துப் பெரியவரிடம் போட்டு உடைத்துவிட்டான்.

"ஐயா, இது என் வீட்டுக்காரி சுத்தினது."

"ஓடுமா?" என்றார். ஊரில் அவருக்குப் பட்டப்பெயரே 'சந்தேகம்'.

"ஓடலேன்னா என் பேரை மாத்திக்கிறேன்."

அவனே போய் மாட்டிவிட்டு வந்தான். மத்தியானம் போன் வந்தது. மோட்டார் ஓடுகிறது, தண்ணீர்தான் நூலாக வருகிறது.

"தம்பி, புதுப் பேரு என்ன வைக்கலாம்?"

மாமியார் தலையில் கை வைத்தாள். "வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியாடா?"

அவள் சுற்றிக்கொண்டிருந்த கம்பியைக் கீழே வைத்தாள். இன்று தோற்றால் பின்னறைதான் நிரந்தரம். கருவிப் பையோடு கணவனின் வண்டியில் ஏறினாள்.

மோட்டாரின் கம்பி முனைகளுக்கு அடையாளம் வைக்கும் கலர் டேப் தீர்ந்துபோய், தையல் பெட்டியின் கலர் நூல்களைக் கட்டியிருந்தாள். எந்த நிறம் எங்கே என்று அவனிடம் சொல்லியும் அனுப்பினாள். தோட்டத்தில் மின்சாரத்தை நிறுத்தி மோட்டார் மூடியைக் கழற்றியதும் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏங்க, இது என்ன கலர்?" என்றாள் மெதுவாக.

"சிவப்பு."

"அரக்கு!"

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"புடவைக் கடையிலயும் இதைத்தான் சொன்னீங்க."

இரண்டு கம்பி இடம் மாறியதில் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றியிருக்கிறது; அதனால்தான் தண்ணீர் சரியாக ஏறவில்லை. மாற்றி இறுக்கிவிட்டு, சுவிட்சைப் போட்டாள்.

"யாரு பண்ண தப்பும்மா?" என்றார் சந்தேகம்.

"சின்னதுதான் ஐயா, சரியாயிடுச்சு" என்று மழுப்பினாள்.

"நான்தான் ஐயா தப்பா மாட்டினேன். அவ சுத்தினதுல ஒரு குறையும் இல்ல" என்றான் கணவன், ஊருக்கே கேட்கும்படி.

அதற்குள் குழாய் உறுமிக்கொண்டு தண்ணீரைக் கொட்டியது. மூவருமே நனைந்தார்கள். முகத்தைத் துடைத்துக்கொண்டே பெரியவர், "என் தம்பி வீட்டு மோட்டாரும் பழுதாக் கிடக்கு. உன்கிட்டதாம்மா தருவேன். இவன் கலர் பார்க்க வேண்டாம்" என்றார்.

திரும்பும்போது கணவனின் ஈர முதுகில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள்.

கடையில் மாமியார் முன்மேஜை நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சந்தேகம் போனில் சொல்லிவிட்டாராம்.

"உட்காரும்மா" என்றவள், மகனைப் பார்த்தாள். "நீ போய் டேப் வாங்கிட்டு வா. கலர் எதுன்னு அவளைக் கேட்டுக்கிட்டுப் போ."