ராஜாவின் முதுகில் ஒரு வேலைக்காரன்

…காலணிதான், சந்தேகமே இல்லை, கூர்மூக்கு வைத்த மஞ்சள் காலணி, அதற்குமேல் ஒரு விரற்கடை சிவப்புக் காலுறை, என் பாவாடை மடிப்பில் ஒட்டிக்கொண்டு வந்த இந்த அட்டைத் துணுக்கில் வேறொன்றும் இல்லை, ஆனால் இதுவே போதாதா, எண் போட்ட சீட்டில் கால் ஏது, ராணியின் கால் அங்கிக்குள் மறைந்திருக்கும், ராஜாவுக்கும் அங்கி நீளம், முழங்கால்வரை காட்டிக்கொண்டு நிற்பவன் சீட்டுக்கட்டிலேயே ஒருவன்தான், வேலைக்காரன்… தேவமாதாவே, நம் ராஜாவின் படத்துக்கான தோலை நான் வேலைக்காரன் சீட்டின் முதுகிலா ஒட்டியிருக்கிறேன்? ஒட்டி, பதினைந்து நாள் உட்கார்ந்து மூக்கும் கன்னமும் தீட்டி, இன்று காலை முட்டை வடிவத்துக்கு வெட்டி, காகிதத்தில் சுற்றி, பதவிசாகக் கொண்டுவந்து கொடுத்தும் விட்டேன். அதோ ஜன்னலோரம் நகைக்காரர் துஸ்ஸேன் அதைச் சட்டத்தில் பொருத்திக்கொண்டிருக்கிறார், சுற்றிலும் வைரம், மேலே வைரக் கிரீடம், பக்கத்தில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மொசியே பர்தூ, அரண்மனைப் பரிசுகளுக்கெல்லாம் அதிகாரி. மத்தியான மணி அடிப்பதற்குள் வடக்கே ஒரு தேசத்திலிருந்து வந்த தூதர் கையில் இது போய்ச் சேர வேண்டும்.

படம் தீட்டும் மெல்லிய கன்றுத்தோல் விறைப்பாக நிற்க, அடியில் ஒட்டுவதற்கு எண் சீட்டைத்தான் எடுக்க வேண்டும், முகம் போட்ட சீட்டு கூடாது, இது தொழிலின் அரிச்சுவடி, எடுத்ததும் ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொள்வேன், அன்று பார்க்கவில்லை, ஏன் பார்க்கவில்லை… அன்றுதான் ருவான் ஊரிலிருந்து ஆள் வந்தது, மகளுக்குச் சுகப்பிரசவம், தாயும் பிள்ளையும் நலம் என்று. பசையைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன், சிரித்தேன், கைக்குக் கிடைத்த சீட்டை எடுத்து ஒட்டிவிட்டேன். அந்தச் சந்தோஷத்துக்கு இப்படியா கிடைக்க வேண்டும்? இல்லை, அப்படிச் சொல்லக்கூடாது, பிள்ளை பிழைத்ததே, அது எவ்வளவு பெரிய விஷயம். ஆனால் தூதர் ஊர் போய்ச் சேர்வதற்குள் வைரத்தைக் கழற்றி விற்பார், எல்லோரும் செய்வதுதான், கழற்றியதும் முகம் தனியாக வந்துவிடும், திருப்பினால் கையில் ஈட்டியோடு வேலைக்காரன் நிற்பான். அதிலும் இந்தத் தூதரின் அப்பா ஏதோ பிரபு வீட்டில் எடுபிடியாக இருந்தவராம், ஊரே பேசுகிறது. வேண்டுமென்றே குத்திக்காட்டினார்கள் என்று மனுஷன் நினைக்கமாட்டாரா? அங்கிருந்து கடிதம் வரும், பர்தூ என்னைக் கூப்பிடுவார், பத்தொன்பது வருஷமாகப் பிசகாத கை என்று சொல்லி அரண்மனையில் எனக்குக் கொடுத்த அறை போகும், வடக்கு வெளிச்சம் விழும் அந்த ஜன்னல் போகும், ஜன்னல் போனால் எனக்குத் தொழில் ஏது…

எழுந்து சொல்லிவிடலாமா? சொன்னால் இன்றைக்கே போகும், சொல்லாவிட்டால் கொஞ்ச நாள் கழித்துப் போகும், அவ்வளவுதான் வித்தியாசம். துஸ்ஸேன் படத்தை இடுக்கியால் தூக்குகிறார், வெளிச்சத்தில் பிடிக்கிறார், திருப்புகிறார்… பார்த்துவிட்டார். பார்க்காமல் எப்படி இருப்பார், மூச்சுவிடும் தூரத்தில் கண்ணை வைத்து வேலை செய்கிறவர். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, இழுப்பறையைத் திறக்கிறார், சிவப்புப் பட்டில் ஒரு துண்டு வெட்டுகிறார், பசை தடவி அந்த வேலைக்காரனின் தலைமேல் போட்டு நீவிவிடுகிறார்.

"இன்னும் என்னய்யா பண்றீர்? தூதர் வண்டியே ஏறிடுவார் போலிருக்கு."

"ஈரம் ஏறாம இருக்கப் பட்டு வைக்கிறேன் மொசியே. கப்பல்ல போற சாமான்."

"எல்லாத்துக்கும் வைக்கிறதில்லையே?"

"ஊறிப்போய், நம்ம ராஜாவுக்குக் கன்னம் வீங்கினாப் பரவாயில்லையா?"

பர்தூவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "முகத்தை எவன்யா பாக்கப்போறான்? வைரத்தைப் பிடுங்கினதும் மூலையில போட்டுடுவான்" என்றார். துஸ்ஸேன் படத்தைப் பிடித்துக்கொள்ளும் தங்க நகங்களை ஒவ்வொன்றாக மடக்கி அழுத்தினார், நான் ஒவ்வொன்றுக்கும் மூச்சை விட்டேன், பெட்டி மூடியது, பர்தூ அதைத் தூக்கிக்கொண்டு ஓடினார். என் உடம்பெல்லாம் வெந்நீர் ஊற்றினாற்போல் இளகிப்போயிற்று. இந்த மனுஷனுக்கு நான் என்ன செய்வேன், ஒருநாள் விருந்துக்குக்கூடக் கூப்பிட்டதில்லையே, காலை வணக்கம், மாலை வணக்கம், அதற்குமேல் என்ன பேசியிருக்கிறோம்…

"மொசியே துஸ்ஸேன்," என்றேன், "நீங்க இல்லேன்னா இன்னிக்கு நான் தெருவுல நின்னிருப்பேன். சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன்."

"விடுங்க மதாம். இது மூணாவது."

மூணாவதா?

"முதல் தடவையும் இந்த வேலைக்காரப் பயல்தான். அடுத்தது ராணி. ராணி முதுகுல ராஜா… வீட்டுக்குப் போயும் சிரிச்சேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா உங்க கை நடுங்கும். நடுங்குற கையை வெச்சுக்கிட்டு ராஜா மூக்கை யார் வரையிறது?"

மூன்று! எந்தப் படம், எந்த வருஷம், எந்தத் தேசத்துக்குப் போனது, ஒன்றும் நினைவில்லை. பிசகாத கை என்று ஊர் சொன்னதெல்லாம் பாதி இவர் வைத்த பட்டுத்தானா? வெட்கமாகத்தான் இருக்க வேண்டும், ஆனால் வெட்கத்தைவிட நன்றிதான் முட்டிக்கொண்டு வருகிறது. தெரியாமலே இருந்ததால்தானே நிம்மதியாக வரைந்தேன், அந்த நிம்மதியையும் இவர்தான் கொடுத்திருக்கிறார், வாய் திறக்காமல், இத்தனை வருஷமாக… வாய் திறக்காமல். அப்படியானால் இன்றைக்கு மட்டும் ஏன் திறந்தார்? சொன்னால் என் கை நடுங்கும் என்று தெரிந்தவர் ஏன் சொன்னார்? நிமிர்ந்து பார்த்தேன். துஸ்ஸேன் இடுக்கியைத் துடைத்து ஒரு கம்பளித் துணியில் வைத்தார், பிறகு அரத்தை, பிறகு சுத்தியலை, இழுப்பறையில் இருந்ததையெல்லாம் எடுத்து அதே துணியில் அடுக்கி, நாலு முனையையும் சேர்த்து முடிச்சுப் போட்டு, காலி இழுப்பறையின் சாவியை மேஜைமேலேயே விட்டார்.