வெற்றிலைச் சிவப்பு

இருபத்தாறு நாள்களாக வேலுசாமி இருமிக்கொண்டிருந்தார். தோட்டத்தில் இறப்பர் ஷீட்டுகளைப் புகைபோட்டு உலர்த்தும் அறையில் அவருக்கு வேலை.

“பொகை ரூம்ல நிக்கிறவன் இருமாம பாட்டா படிப்பான்?” என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பும் இருமலில்தான் முடியும்.

முதல் வாரமே தோட்டத்து டிஸ்பென்சரியில் காட்டினார்கள். மூச்சுக்குழாய் அழற்சி என்று சொல்லி மருந்து கொடுத்தார் டிஸ்பென்சர். “மூணு வாரத்துக்கு மேல போனாலோ, மூச்சு வாங்கினாலோ, சளியில ரத்தம் கண்டாலோ கேகாலை ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க” என்றார். மனைவி பிரேமலதா பக்கத்தில்தான் நின்றாள்.

பதினைந்தாம் நாள் அவர் வெற்றிலை போடத் தொடங்கினார். ஐம்பத்திரண்டு வயதுவரை தொடாத மனிதர். தோட்டத்து லயத்து வீடுகளில் எல்லாரும் போடுகிறார்கள். வாசலில் ஓடும் சாக்கடைக் கானில் சிவப்பாகத் துப்பினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் அன்று அவர் வெற்றிலை போடுமுன்னே, விடிகாலையிலேயே கான் சிவந்திருந்ததைப் பிரேமலதா கண்டாள்.

“என்னாங்க இது?”

“கத்தாத. புள்ள கல்யாணம் முடியட்டும். காசம்னு ஒரு பேச்சு வெளிய போனா மாப்பிள்ள வீட்டுல முறிச்சிருவாங்க.”

அதன்பிறகு தினமும் விடியுமுன் அவளே தண்ணீர் ஊற்றிக் கானைக் கழுவினாள்.

மகள் ஷாமிளாவுக்கு எதுவும் தெரியாது. படியேற முடியாமல் அப்பா பாதியில் உட்கார்ந்ததைக் கண்டவள் விடவில்லை.

“வாங்கப்பா பஸ்ஸுக்கு. நீங்க இல்லாம எனக்கென்ன கல்யாணம்?”

ஆஸ்பத்திரி வரிசையில் அவர்களுக்குப் பின்னால் மாப்பிள்ளையின் சித்தி வெள்ளையம்மா நின்றாள்.

“என்னா சம்பந்தி, கல்யாணச் சாப்பாடு இப்பவே தொண்டையில அடச்சிக்கிச்சா?”

வேலுசாமி சிரிக்கப் பார்த்தார். இருமல் முந்திக்கொண்டது.

சளியில் ரத்தம் வருகிறதா என்று டாக்டர் சிங்களத்தில் கேட்டார். இல்லை மஹத்தயா, வெற்றிலை போடுகிறேன் என்று வேலுசாமி சிவந்த வாயைத் திறந்து காட்டினார். டாக்டர் தலையசைத்துவிட்டு இருமல் மருந்தை எழுதத் தொடங்கினார்.

பிரேமலதா அந்தப் பேனாவையே பார்த்தாள். கதவருகே வெள்ளையம்மா எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஷாமிளா அப்பாவின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

பிரேமலதாவும் சிங்களத்திலேயே பேசினாள். வரிசையில் அது புரியாதவர் யாருமில்லை.

“எழுதாதீங்க டாக்டர். அது வெத்தில இல்ல. பதினோரு நாளா இவரு ரத்தம் துப்புறாரு.”