எதுவும் தப்பாகாத நாள்

கந்தப்பனுக்கு அன்று காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டிருந்தான். மழைக்காலத்தில் வேலை நின்று ஊர் திரும்பும் போர்வெல் ரிக்காரர்கள் இப்படித்தான் நிலைகொள்ளாமல் அலைவார்கள் என்பது திருச்செங்கோட்டுப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் இவனுடைய தவிப்பு வேறு. வருகிற வாரம் அவன் ஆப்பிரிக்காவுக்குப் போகிறான். ஆழ்குழாய்க் கிணறு போடும் அவனுடைய ரிக் வண்டி ஏற்கெனவே கப்பல் ஏறிவிட்டது. ஒப்பந்தம் இரண்டு வருஷம். ஐம்பது வயதில் போகிறவன் திரும்பி வந்து எங்கே ஊர் சுற்றப் போகிறான்? அதற்குள் ஒரே ஒரு நாள் மணிமாறனையும் கலையரசனையும் அள்ளிப் போட்டுக்கொண்டு, பழையபடி எங்காவது போய் அகப்பட்டு முழிக்க வேண்டும். வேறு ஆசை ஒன்றும் இல்லை அவனுக்கு.

பழையபடி என்றால் எப்படி என்று சொல்ல வேண்டும். அப்போது கந்தப்பன் மாமாவின் ரிக்கில் எடுபிடி. மழைக்குச் சும்மா நிற்கும் குழாய் லாரியை மாமா தூங்கும் நேரம் பார்த்துக் கிளப்புவான். நண்பன் வீட்டு முன் நின்று ஒரு ஹாரன். நின்றது நின்றபடி வந்து ஏற வேண்டும் என்பதுதான் சட்டம். மணிமாறன் ஒருமுறை பாதி முகம் மழித்த கையோடு ஏறினான். ராசிபுரத்தில் பரோட்டா தின்னக் கிளம்பியவர்கள் கெங்கவல்லியில் டீசல் தீர்ந்து நின்றார்கள். சோளக்காட்டில் நாய் துரத்தியது. திரும்பி வந்து மூன்று பேரும் வாங்கிய வசவு இருக்கிறதே, அதுவே ஒரு தனிச் சந்தோஷம்.

இப்போது அவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. கந்தப்பன் ஊருக்கு வரும்போதெல்லாம் அதில் மணிமாறன் தேதி கேட்டு ஓட்டெடுப்பு நடத்துவான். கோழி மருந்துக் கடை வைத்திருப்பவன், எதையும் ஒழுங்காகத்தான் செய்வான். பள்ளிக்கூட வாத்தியாரான கலையரசன் எல்லாத் தேதிக்கும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவான். கடைசியில் ஏற்காடு ஏற்காட்டிலேயே இருக்கும், இவர்கள் அவரவர் வீட்டில் இருப்பார்கள். கந்தப்பனுக்கு அந்தக் குழுவைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

அதனால் அன்று ஓட்டெடுப்பெல்லாம் இல்லை. ஜீப்பை எடுத்துக்கொண்டு நேராகப் போய் மணிமாறன் வீட்டு முன் ஹாரனை அழுத்தினான்.

மணிமாறனின் மனைவி ரஞ்சனி எட்டிப் பார்த்து, "வாங்கண்ணா, ஊட்டுக்குள்ள வாங்க. ஏன் தெருவுலயே நின்னுட்டீங்க?" என்றாள்.

"அவன வரச் சொல்லு தாயி. நின்னது நின்னபடி வரோணும்."

"இரு, சித்த நேரத்துல வாரேன்" என்று உள்ளேயிருந்து மணிமாறன் குரல் கொடுத்தான். வந்தபோது கையில் பிளாஸ்க், தோளில் பை. பைக்குள் துண்டு, பிஸ்கட், வயிற்றுப்போக்கு மாத்திரை, ஈரத்தாள் பாக்கெட். கந்தப்பன் பல்லைக் கடித்துக்கொண்டான். கலையரசன் அதற்கு மேல். சர்க்கரை மாத்திரையை எடுத்து வைத்து, தலைமையாசிரியருக்குத் தகவல் சொல்லி, காலுறை மாட்டிக்கொண்டு வந்து ஏறினான்.

"எங்கடா போறோம்?"

"தெரியாது" என்றான் கந்தப்பன் பெருமையாக.

"நாமகிரிப்பேட்டை தாண்டுனா ஒரு மெஸ்ஸு இருக்குது. நல்லாருக்கும்னு போட்டிருக்கான்" என்று மணிமாறன் போனைப் பார்த்துச் சொன்னான்.

மெஸ் சொன்ன இடத்தில் இருந்தது. நாட்டுக்கோழி நன்றாகவே இருந்தது. உட்கார இடம் கிடைத்தது, கை கழுவத் தண்ணீர் வந்தது, சில்லறைக்குக்கூடத் தட்டுப்பாடு இல்லை. கலையரசன் சாப்பாட்டுக்கு முன் ஒன்று, பின் ஒன்று மாத்திரை போட்டுக்கொண்டான். திரும்ப ஏறியதும், "அருமையான டிரிப்புடா. எதுவுமே தப்பாகல" என்றான். கந்தப்பனுக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. வேண்டுமென்றே தப்பான பிரிவில் திருப்பினான். வழி காட்டிக்கொண்டிருந்த மணிமாறனின் போன் பெண்குரலில் பதறாமல் வேறு வழி சொன்னது. இவர்களோடு உட்கார்ந்திருக்கிறோம், ஆனால் இவர்களோடு இல்லை என்று அவனுக்குத் தோன்றியது. இன்றைக்கும் இல்லையென்றால் இனி எப்போது?

ஓர் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தினான். மழையில் ஏரி ததும்பிக் கிடந்தது. கலையரசன் வரப்பில் இறங்கி மரவள்ளிக் குச்சிக்கிழங்குக் காட்டைப் போட்டோ எடுத்தான். மணிமாறன் பிளாஸ்க்கைத் திறந்துகொண்டிருந்தான். கந்தப்பன் ஒன்றுக்குப் போவது போலத் தண்ணீர் ஓரம் போய் நின்றான். சட்டைப்பையிலிருந்த சாவியை எடுத்தான். என்ன செய்கிறோம் என்று தெரிந்தேதான் வீசினான்.

"சாவியக் காணோம்டா" என்று திரும்பி வந்து சொன்னபோது குரல் அவனையறியாமல் துள்ளியது.

கலையரசன் உடனே வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு, இருக்கைக்கடியில் குனிந்து தேடினான். கந்தப்பனும் கூடச் சேர்ந்து நல்ல பிள்ளை போலத் தேடினான். மணிமாறன் மட்டும் தேடவில்லை. "விடுங்க, நான் பாத்துக்கறேன். வண்டி நின்னாக் கூப்புடறதுக்கு ஒரு நம்பர் இருக்குது" என்று போனைக் காதில் வைத்துக்கொண்டு புளியமரம் வரை நடந்தான். கந்தப்பனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. சாவியைத் தூக்கி எறிந்தாலும் தப்பு நடக்க விடமாட்டேன் என்கிறானே இவன்!

மணிமாறன் திரும்பி வந்து, "மெக்கானிக் வர்றதுக்கு நேரமாகுமாம். நடந்தா மெயின் ரோட்டுப் பக்கம் போயிரலாம்" என்றான்.

நடந்தார்கள். கொஞ்ச தூரம்கூடப் போயிருக்க மாட்டார்கள், மழை கொட்டிவிட்டது. செம்மண் வழுக்கிக் கலையரசன் முதலில் விழுந்தான். அவனைத் தூக்கப் போய்க் கந்தப்பனும் விழுந்தான். மணிமாறனும் சறுக்கியதில் பையும் பிளாஸ்க்கும் வாய்க்காலோடு போயின. மூன்று பேரும் சேற்றில் உட்கார்ந்து, வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அப்போது குச்சிக்கிழங்கு பாரம் ஏற்றிய டிராக்டர் ஒன்று வந்து நின்றது.

"ஏறிக்குங்க சாமி, ஏன் நனையறீங்க?" என்றார் ஓட்டியவர், கிழங்கின் மேல் ஏறினாலும் நனையத்தான் வேண்டும் என்பதை மறந்து.

கிழங்குக் குவியலின் உச்சியில், ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு குலுங்கினார்கள். காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்த கந்தப்பனின் கால் ஒருவழியாக ஆடாமல் கிடந்தது. அப்போதுதான் அவனுக்கு உறுத்தியது.

"டேய் மணி, அந்த மெக்கானிக் வந்து தேடிட்டிருப்பான்டா. போனப் போட்டுச் சொல்லிரு, பாவம்."

"எந்த மெக்கானிக்கு?"

"நீதான கூப்பிட்ட?"

மணிமாறன் முகத்துச் சேற்றைப் புறங்கையால் வழித்துவிட்டான். "நான் யாரையும் கூப்புடல. சும்மாதான் காதுல வெச்சுப் பேசினேன். நீ சாவியத் தண்ணிக்குள்ள வீசுனதப் பாத்தேன்டா."

கந்தப்பனுக்கு வெட்கமாகப் போயிற்று. "பாத்துமா சும்மா இருந்த?"

"சாவிய வீசற அளவுக்கு உன்ன உட்டுட்டோமேன்னு இருந்துச்சு. ஒவ்வொரு தடவையும் தேதி கேட்டுக் கேட்டே உன்ன அனுப்பி வெச்சது நாந்தான?"

"அப்ப ஊட்டுக்குப் போன் பண்ணிச் சாவி தொலஞ்சு போச்சுன்னு நான் சொன்னது பொய்யா?" என்று கேட்டான் கலையரசன், வாத்தியாரின் அதிர்ச்சியோடு.

கந்தப்பன் அழுதுகொண்டிருந்தான். மழையில் தெரியாது என்று நினைத்தான், ஆனால் தோள் குலுங்கியதில் தெரிந்துவிட்டது. மணிமாறன் அந்தத் தோளில் கையைப் போட்டுக்கொண்டான். டிராக்டர் மெயின் ரோட்டில் ஏறி, அவர்கள் வந்த திசைக்கு எதிர்த்திசையில் திரும்பியது.

"இந்த டிராக்டர் எங்கடா போவுது?" என்றான் கலையரசன்.

ஏறும்போது யாருமே கேட்டிருக்கவில்லை. மணிமாறன் ஓட்டுபவரைக் கூப்பிடக் கையைத் தூக்கினான். கந்தப்பன் எட்டி அந்தக் கையைப் பிடித்து இறக்கினான்.

"கேக்காதடா" என்றான்.