போதும் சொல்ல ஒருவர்

சலவைத்தூள் ஆலையின் கலவை இயந்திரத்துக்கு எல்லோரும் வைத்த பெயர் குண்டம்மா. இரண்டு முனையும் குறுகி, நடுவில் தொப்பை பெருத்த எஃகு உருளை. வெள்ளைத் தூளையும் நீலக் குருணையையும் விழுங்கிக்கொண்டு தலைகீழாகப் புரளும். அவளுக்கு ஒரு குணம் உண்டு. குறைவாகச் சுற்றினால் கலக்காது. அதிகமாகச் சுற்றினாலோ கலந்ததெல்லாம் திரும்பப் பிரிந்துபோகும். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது சாப்பாட்டுக்கு மட்டும் சொன்னதில்லை.

மூட்டை கொட்டுவது தம்பி வேலை. சத்தத்தைக் காதுகொடுத்துக் கேட்டு "போதும்டா" என்பது அண்ணன் வேலை. தம்பி உடனே சிவப்புப் பொத்தானை அமுக்குவான். சுவர்க் கடிகாரமெல்லாம் அழகுக்குத்தான்.

போன வாரம் அண்ணன் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். தம்பிக்கு அழுகை வரவில்லை. கல்நெஞ்சுக்காரன் என்று உறவு பேசியது. பேசட்டும், ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அவனுக்கு வேண்டியது ஒன்றுதான்: அண்ணன் ஓட்டிய குண்டம்மாவை வேறொருவன் தொடக் கூடாது.

"இன்னிக்கு நீயே தனியா ஓட்டிக் காட்டு. சரியா வந்தா மெஷின் உனக்கு. இல்லேன்னா மூட்டை தைக்கப் போயிடணும்" என்றார் மேலாளர்.

"சரி சார்."

கொட்டினான், மூடியை இறுக்கினான், ஓடவிட்டான். கரகரத்த சத்தம் மெல்ல மெத்தென்று ஆனது. இதுதான் பதம் என்று அவனுக்கும் தெரிந்தது. இத்தனை வருடம் கூடவே நின்றவனுக்குத் தெரியாமல் போகுமா? ஆனாலும் பொத்தானில் விரலை வைத்தபடி நின்றான். நின்றுகொண்டே இருந்தான்.

மேலாளர் ஓடி வந்து தானே அமுக்கினார். திறந்து பார்த்தால் நீலமெல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடந்தது.

"கண்ணைத் திறந்துக்கிட்டுதானேய்யா நின்ன? யாரு வந்து சொல்லணும்னு காத்துக்கிட்டிருந்த?"



சாயங்காலம் அண்ணி அவனுக்குச் சோறு போட்டாள். "என்ன ஆச்சு தம்பி?"

"மெஷினை வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க அண்ணி."

அவள் போட்டுக்கொண்டே இருந்தாள். தட்டு நிறைந்து, சோறு மேசையில் சரிந்தது. கை மட்டும் போய்ப் போய் வந்தது. இந்த மேசையிலும் அந்த வார்த்தையைச் சொன்னவர் அண்ணன்தான்.

"போதும் அண்ணி."

ஆலையில் வராத வார்த்தை இங்கே வந்தது. கரண்டி நின்றது. அண்ணி அழ ஆரம்பித்தாள். தம்பிக்கு அப்போதும் அழுகை வரவில்லை. சரிந்த சோற்றை ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்கித் தட்டில் போட்டுக்கொண்டிருந்தான்.